பதினெட்டு வயசும் புது லைசென்ஸும்: மதுரையில் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள்

மதுரையில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து காலேஜ் திறக்கும் வரை எங்களிடம் வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். எந்த வயசில் எந்த வண்டி, போலீஸ் பிடித்தால் எவ்வளவு, அப்பா பெயரில் உள்ள வண்டிக்கு யார் பொறுப்பு என்றுதான் கேட்பார்கள். நேரில் சொல்கிற பதில்களையே இங்கே எழுதியிருக்கிறேன். அபராதத் தொகைகள் 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படியும், அதையொட்டி 2022 அக்டோபரில் தமிழக அரசு உயர்த்திய கட்டணங்களின்படியும் உள்ளவை.

பையன் காலேஜ் சேர்ந்துவிட்டான். இனி பைக் ஓட்டலாம்தானே?

காலேஜுக்கும் லைசென்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. பிறந்த தேதிதான் கணக்கு. பிளஸ் டூ முடித்து முதலாமாண்டு சேருகிற பிள்ளைகளில் நிறைய பேருக்கு அப்போது பதினேழரை வயசுதான் ஆகியிருக்கும். ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் ஜூன் மாசமே புது பைக்கை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். பையனுக்குப் பிறந்த நாள் டிசம்பரில் வரும். அந்த ஆறு மாசம் வண்டி சும்மா நிற்குமா? நிற்காது. காளவாசல் சிக்னலில் பிடிபடும் முதலாமாண்டு மாணவன் "நான் காலேஜ் சார்" என்று சொல்வதால் எதுவும் மாறாது. சட்டத்தின் கண்ணில் அவன் சிறுவன். வண்டி கொடுத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பைக்குக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) வாங்கவே பதினெட்டு நிறைய வேண்டும். எல்.எல்.ஆர். கிடைத்து 30 நாள் கழித்துத்தான் பக்கா லைசென்ஸுக்கு டெஸ்ட் போக முடியும். ஆகவே வண்டி வாங்குவதென்றால் பிறந்த நாளுக்கு ஒரு மாசம் தள்ளியே நாள் பாருங்கள்.

பதினாறு வயசுக்கே லைசென்ஸ் தருவார்கள் என்கிறார்களே?

தருவார்கள், 50 சிசிக்கு மேற்படாத வண்டிக்கு மட்டும். கியர் இல்லாத வண்டியாக இருக்க வேண்டும், பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதமும் வேண்டும். அந்தக் காலத்து டி.வி.எஸ். 50 மாதிரியான மொபெட்டுகளை நினைத்து வைத்த விதி அது. இன்றைக்கு மதுரைத் தெருக்களில் ஓடும் ஸ்கூட்டர்கள் எல்லாம் 100, 110, 125 சிசி. சந்தைக்கு மூட்டை ஏற்றிப் போகிற எக்ஸ்.எல். வண்டிகூட இப்போது நூறு சிசியை ஒட்டித்தான் வருகிறது. எனவே பதினாறு வயசில் லைசென்ஸ் வாங்கினாலும் அதை வைத்து ஓட்ட வீட்டில் வண்டி இருக்காது. அந்த லைசென்ஸோடு 110 சிசி ஸ்கூட்டரை எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

பேட்டரி ஸ்கூட்டருக்கு லைசென்ஸ் வேண்டாமாமே?

எல்லா பேட்டரி வண்டிக்கும் இல்லை. மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழே, அதிகபட்ச வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழே, இந்த இரண்டும் இருந்தால்தான் அது மோட்டார் வாகனக் கணக்கில் வராது. நம்பர் பிளேட் போட்டு ஆர்.சி. புக் கொடுத்து விற்கிற எந்த பேட்டரி ஸ்கூட்டரும் பெட்ரோல் ஸ்கூட்டர் மாதிரிதான். லைசென்ஸ், ஹெல்மெட், இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். கடைக்காரர் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். சான்றிதழில் வாட்டையும் வேகத்தையும் பாருங்கள். வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கூட்டிய நிமிடத்திலிருந்து அது லைசென்ஸ் தேவைப்படும் வண்டி.

எங்கள் ஊர் அலங்காநல்லூர் பக்கம். ஊருக்குள்ளே, தோட்டத்துப் பாதையில் ஓட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்?

உங்கள் சொந்தத் தோட்டத்துக்குள், வேலிக்கு உள்ளே ஓட்டிப் பழகுவது வேறு. பொதுமக்கள் போய்வர உரிமை உள்ள எந்த இடமும் சட்டப்படி பொது இடம். ஊர்த் தெரு, கண்மாய்க் கரைப் பாதை, கோயில் முன்னால் உள்ள பொட்டல் எல்லாமே அதில் அடங்கும். தார் போட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

போலீஸ் வருமா வராதா என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வாடிப்பட்டி, உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து ஊர்களில் ஊர்த் தெருவிலிருந்து இரண்டு வளைவு திரும்பினால் பெரிய ரோடு வந்துவிடுகிறது. தோட்டத்துக்கு என்று சாவி வாங்குகிற பையன் டீக்கடை வரைக்கும் போவான். டீக்கடை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும்.

டிராக்டருக்கும் இதே பதினெட்டு வயசுதான். உழவு நாளில் ஆள் கிடைக்கவில்லை என்று பதினைந்து வயசுப் பையனை ஏற்றி உட்கார வைத்து ரோட்டில் அனுப்புவது இன்னும் நடக்கிறது. டிரெய்லர் பின்னால் இருக்கும்போது அந்த வயசுக்கு அதை நிறுத்தும் பக்குவம் இருக்காது.

பதினெட்டு ஆகாத பிள்ளை பிடிபட்டால் எங்களுக்கு என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

2019 திருத்தத்தில் 199ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். சிறுவன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளர் குற்றவாளியாகக் கருதப்படுவார். மூன்று ஆண்டு வரை சிறை, அதோடு 25,000 ரூபாய் அபராதம். அந்த வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. பிள்ளைக்கு 25 வயசு ஆகும் வரை எல்.எல்.ஆர். கூடக் கிடைக்காது. பையன் மீதான நடவடிக்கை தனியே, சிறார் நீதிச் சட்டப்படி நடக்கும்.

அந்த 25 வயசை யோசித்துப் பாருங்கள். டிப்ளமோ முடித்து சேல்ஸ் வேலைக்குப் போகிறவனுக்கு, டெலிவரி வேலைக்குப் போகிறவனுக்கு, லோடு வண்டி ஓட்டிப் பிழைக்க நினைக்கிறவனுக்கு லைசென்ஸ்தான் சோறு. பதினேழு வயசில் ஒரு சாயங்காலம் ஓட்டியதற்காக எட்டு வருஷம் அது கிடையாது.

"எனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான்" என்று சொல்லலாமா என்று கேட்கிறார்கள். சொல்லலாம், ஆனால் நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. பெற்றோர் சம்மதத்தோடுதான் ஓட்டினான் என்று எடுத்துக்கொண்டுதான் நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கும். சாவி எப்போதும் டிவி பக்கத்து ஆணியில் தொங்குகிற வீட்டில், தினமும் பையன் டியூஷனுக்கு அதே வண்டியில் போவதைத் தெருவே பார்த்திருக்கும்போது, அந்த வாதம் நிற்காது. தாத்தா பெயரிலோ சித்தப்பா பெயரிலோ வண்டி இருந்தால் அவரும் மாட்டுவார்.

2024 மே மாதம் புனேயில் பதினேழு வயசுப் பையன் ஓட்டிய கார் மோதி இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தது நினைவிருக்கும். அங்கே தந்தை கைதானார். அது பணக்கார வீட்டுக் கதை என்று நம் ஊரில் பேசிக்கொண்டார்கள். சட்டத்தில் காருக்கு ஒன்று, ஸ்கூட்டிக்கு ஒன்று என்று கிடையாது.

எல்.எல்.ஆர். இருக்கிறது. தனியாக ஓட்டிப் பழகலாமா?

கூடாது. அந்த வண்டிக்கு லைசென்ஸ் உள்ள ஒருவர் கூட இருக்க வேண்டும், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். பைக்கில் பின்னால் உட்காருகிறவர் கற்றுக்கொடுக்கிறவராக மட்டுமே இருக்கலாம். தங்கையை ஸ்கூலில் விடுவதற்கும் நண்பனை ஏற்றிப் போவதற்கும் எல்.எல்.ஆர். போதாது. முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' இருக்க வேண்டும். 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக்கூடாது. கையகல ஸ்டிக்கரை மட்கார்டில் ஒட்டுவது கணக்கில் வராது.

எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும். அந்த ஆறு மாசத்தையும் பயன்படுத்துங்கள் என்பது என் கட்சி. 31-ஆம் நாளே டெஸ்டுக்கு ஓடி, எட்டுப் போட்டு பாஸாகிவிடலாம். எட்டுப் போடுவது வேறு, கோரிப்பாளையத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கு வண்டி ஓட்டுவது வேறு.

ஸ்கூட்டி லைசென்ஸ் வைத்துக்கொண்டு அண்ணனின் கியர் பைக்கை ஓட்டினால்?

லைசென்ஸ் இல்லாத மாதிரிதான். 5,000 ரூபாய். வண்டி கொடுத்த அண்ணனுக்கும் தனியாக 5,000 வரும். எடுக்கும்போதே கியர் வண்டிக்கு எடுத்துவிட்டால் கியர் இல்லாததையும் அதிலேயே ஓட்டலாம்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு லோடு வேன் ஓட்ட என் மகனை அனுப்பலாமா? 19 வயசு, கார் லைசென்ஸ் இருக்கிறது.

மஞ்சள் போர்டு வண்டியென்றால் கூடாது. வாடகை, சரக்கு வண்டிகளை ஓட்ட 20 வயசு நிறைய வேண்டும். கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் அது வயசு விதியைத் தொடவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு மல்லிகைப்பூ மூட்டையோடு தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிற வேலை அது. இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள்.

புதுசாக லைசென்ஸ் வாங்கியவருக்கு இரவில் ஓட்டக்கூடாது, ஆள் ஏற்றக்கூடாது என்று தனிக் கட்டுப்பாடு உண்டா? அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகனுக்கு இருக்கிறதாம்.

நம் நாட்டில் இல்லை. அது ஒரு பெரிய குறை என்று நான் நினைக்கிறேன்.

நியூசிலாந்தில் 1987-லேயே படிப்படியான லைசென்ஸ் முறை வந்துவிட்டது. அங்கே இரண்டாம் படியில் இருப்பவர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியே ஓட்டக்கூடாது, விருப்பத்துக்கு ஆள் ஏற்றவும் கூடாது. அமெரிக்காவில் 1996-ல் ஃபுளோரிடாவில் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. நியூஜெர்சியில் 21 வயசுக்குக் கீழே இப்படிக் கட்டுப்பாட்டோடு ஓட்டுபவர்கள் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பிரிட்டனில் லைசென்ஸ் வாங்கிய இரண்டு வருஷத்துக்குள் ஆறு தண்டனைப் புள்ளி சேர்ந்தால் லைசென்ஸ் போய்விடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இங்கே நேற்று வரை எதுவும் கூடாது. இன்று டெஸ்டில் பாஸானால் நள்ளிரவில் ரிங் ரோட்டில் நண்பனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போகலாம். நடுவில் படியே இல்லை. சட்டம் வைக்காத அந்தப் படியை வீட்டில்தான் வைக்க வேண்டும். லைசென்ஸ் கையில் வரும் அன்றைக்கே பேசிவிடுங்கள். பிறகு பேசினால் பிள்ளைக்கு அது தண்டனை மாதிரி தெரியும்.

என்னிடம் கேட்கிற பெற்றோருக்கு நான் சொல்வது இது. முதல் ஆறு மாசம் பின்னால் ஆள் கிடையாது, அம்மா அப்பாவைத் தவிர. ஆள் ஏறினால் வண்டியின் எடை மாறுகிறது, பிரேக் பிடிக்கும் தூரம் மாறுகிறது, திருப்பத்தில் வண்டி சாய்கிற விதம் மாறுகிறது. பழகாத கைக்கு அது புரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். பின்னால் இருப்பவன் நண்பனாக இருந்தால் "முறுக்குடா" என்ற குரலும் சேர்ந்துகொள்ளும். இரவு ஒன்பதுக்கு மேல் வேண்டாம். நம் பக்கத்து ரோட்டில் வெள்ளை அடிக்காத வேகத்தடை, படுத்திருக்கும் மாடு, எதிரே டிம் செய்யாமல் வரும் லாரி எல்லாமே இரவில்தான் சோதிக்கும்.

ரிங் ரோடும் நாலுவழிச் சாலைகளும் கடைசியில். முதலில் வீட்டுப் பக்கத்துத் தெருக்கள், அப்புறம் கே.கே.நகர், அண்ணா நகர் மாதிரி ஓரளவு அகலமான ரோடுகள், அப்புறம் சிம்மக்கல், பெரியார் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் என்று ஒவ்வொன்றாக, பக்கத்திலோ பின்னாலோ பெரியவர் ஒருவர் இருக்கும்போது ஓட்டட்டும். மாசி வீதிகளின் நெருக்கத்தில் கால் ஊன்றி ஊன்றிப் போகப் பழகியவனுக்கு நகரத்தில் எங்கேயும் பதற்றம் வராது. அக்டோபர், நவம்பர் மழையில் முதல் தடவை ஓட்டும்போது நீங்கள் கூடப் போங்கள். சித்திரைத் திருவிழா நாட்களில் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். தெரிந்தவர்களே திணறும் நேரம் அது, புதியவர்கள் நடந்தே போகட்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் இதே விதிகளை, இதே அளவில் வையுங்கள். பையனுக்கு ஒன்றும் சொல்லாமல் மகளுக்கு மட்டும் எட்டு மணி என்று கெடு வைத்தால், அது பாதுகாப்புக்கான விதி இல்லை என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். இருவருமே கேட்க மாட்டார்கள்.

எதற்கு எவ்வளவு அபராதம்?

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் 5,000. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000. பைக்கில் மூன்று பேர் போனால் 1,000. காரில் சீட் பெல்ட் போடாவிட்டால் 1,000, பின் சீட்டுக்கும் இது உண்டு. கையில் செல்போன் பிடித்து ஓட்டினால் முதல் தடவை 1,000, அடுத்த தடவை 10,000. அதிவேகத்துக்கு 1,000-லிருந்து. இன்சூரன்ஸ் இல்லாவிட்டால் 2,000. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000. ரேஸ் விட்டால் முதல் தடவை 5,000. குடித்துவிட்டு ஓட்டினால் 10,000 அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும், அது கோர்ட்டுக்குப் போகிற விஷயம்.

குடி பற்றி ஒரு வரி. தமிழ்நாட்டில் 21 வயசுக்குக் கீழே மது விற்கவே கூடாது. எனவே பதின்வயதுக்காரர் விஷயத்தில் "கொஞ்சம்தான் குடித்தேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆயிரம் ரூபாய்தானே, கட்டிவிட்டால் முடிந்ததா?

முடியவில்லை. இதுதான் பலருக்குத் தெரியாதது. ஹெல்மெட் இல்லாமல் போவது, ட்ரிபிள்ஸ், அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, ரேஸ், ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது இவற்றில் எதற்குப் பிடிபட்டாலும் போலீஸ் லைசென்ஸை வாங்கி ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். முதல் தடவைக்கு மூன்று மாதம் தகுதி நீக்கம், மறுபடி செய்தால் லைசென்ஸே ரத்து. அபராதம் கட்டிவிட்டதால் இந்த நடவடிக்கை நின்றுவிடாது என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. மறுபயிற்சி வகுப்பு முடித்தால்தான் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும்.

உத்தரவு போடும் முன் உங்கள் தரப்பைக் கேட்க வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்தால் குப்பையில் போடாமல் குறித்த நாளில் போய் விளக்கம் கொடுங்கள். தகுதி நீக்கக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அது இன்னொரு குற்றம், அதற்கு அபராதம் 10,000-க்குக் குறையாது.

பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் வேண்டுமா?

வேண்டும். நான்கு வயசுக்கு மேற்பட்ட எல்லோருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக, தாடைப் பட்டை மாட்டியதாக இருக்க வேண்டும். பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போலீஸைப் பார்த்ததும் மாட்டுகிற பழக்கம் காலேஜ் பிள்ளைகளிடம் அதிகம். ஓடுகிற வண்டியில் இரண்டு கையையும் விட்டு ஹெல்மெட் மாட்டுகிற அந்த ஐந்து நொடி, ஹெல்மெட் இல்லாமல் போவதைவிட ஆபத்து.

போனில் மேப் பார்த்தாலும் அபராதமா?

ஸ்டாண்டில் மாட்டி வழி மட்டும் பார்க்கலாம். கையில் பிடிக்கக் கூடாது. ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசுவதும் கவனத்தைச் சிதறடிப்பதுதான்.

ஒன்வேயில் பத்தடி எதிரே போனதற்கெல்லாம் பெரிய வழக்குப் போடுவார்களா?

போடலாம். எதிர்த்திசையில் ஓட்டுவது, சிவப்பு விளக்கைத் தாண்டுவது இரண்டும் 2019 திருத்தத்தில் ஆபத்தாக ஓட்டுவதன் கீழ் வருகின்றன. சட்டப்படி 1,000 முதல் 5,000 வரை அபராதம், சிறைக்கும் இடமுண்டு. சுற்றிப் போக டைம் ஆகும் என்பதுதான் எல்லோரும் சொல்லும் காரணம். எதிரே சரியான திசையில் வருகிறவர் இடது பக்கம் யாரும் எதிர்த்து வருவார் என்று நினைத்தே பார்க்க மாட்டார். நேருக்கு நேர் மோதும்போது இரண்டு வண்டியின் வேகமும் சேர்ந்துதான் அடிக்கும்.

நத்தம் ரோடு பறக்கும் பாலத்தில் ரீல்ஸ் எடுத்தால் தப்பா?

2023 ஏப்ரலில் திறந்த அந்தப் பாலம் ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளம், சிக்னலே கிடையாது. இளம் பிள்ளைகளுக்குக் கை துறுதுறுக்கும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வீலிங், ரேஸ் இரண்டும் குற்றம், நீங்களே எடுத்துப் போடும் வீடியோ உங்களுக்கு எதிரான சாட்சி. நம்பர் பிளேட்டும் முகமும் தெரியும்படி நீங்களே கொடுத்துவிடுகிறீர்கள். 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் சாகசம் செய்து விழுந்த பிரபல யூடியூபர் ஒருவரின் லைசென்ஸ் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. அவருக்கு லட்சக்கணக்கில் ரசிகர்கள் இருந்ததால் எதுவும் குறையவில்லை.

சைலன்ஸரை மாற்றிச் சத்தம் கூட்டுவதும் இதே வகைதான். சட்டத்தில் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதத் தகுதி நீக்கம் என்று இருக்கிறது. கோரிப்பாளையத்திலிருந்து பனகல் ரோட்டில் திரும்பினால் அரசு ராஜாஜி மருத்துவமனை. அந்த ரோட்டில் வெடிச் சத்தத்தோடு போகிறவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

வழியில் நிறுத்தினால் என்ன காட்ட வேண்டும்?

லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. டிஜிலாக்கர், எம்பரிவாகன் செயலிகளில் உள்ளது சட்டப்படி செல்லும். போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருப்பது செல்லாது. வண்டியை ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்து, மரியாதையாகப் பேசச் சொல்லிக் கொடுங்கள். பயந்து வண்டியைத் திருப்பி ஓடுகிற பிள்ளைகள்தான் விழுந்து அடிபடுகிறார்கள். ஆயிரம் ரூபாய்க்காக ஓட வேண்டாம், நான் கட்டுகிறேன் என்று வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள். பணம் எப்படிக் கட்டினாலும் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

யாரும் நிறுத்தவே இல்லை, ஆனால் செலான் வந்திருக்கிறது. எப்படி?

கேமராவிலோ, சிக்னலில் நிற்கும் போலீஸ் எடுத்த படத்திலோ பதிவாகியிருக்கும். ஆர்.சி.யில் உள்ள போன் நம்பருக்கு மெசேஜ் வரும். அப்பாவின் பழைய நம்பர் இருந்தால் யாருக்கும் தெரியாமல் செலான் சேர்ந்துகொண்டே போகும். பிறகு வண்டி விற்கவோ பெயர் மாற்றவோ போகும்போது எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். எனவே முதலில் ஆர்.டி.ஓ. பதிவில் போன் நம்பரைச் சரி செய்யுங்கள். மாசம் ஒருமுறை பரிவாகன் இ-செலான் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். படத்தையும் அதிலேயே பார்க்கலாம்.

பழைய வண்டி வாங்கிக் கொடுப்பவர்கள் கவனிக்க: பெயர் மாற்றாமல் ஓட்டினால் செலான் விற்றவருக்குப் போகும். விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். டி.என். 58, 59, 64 எதில் பதிவான வண்டியாக இருந்தாலும் விதி ஒன்றுதான்.

செலான் தப்பாக வந்திருந்தால்?

படத்தைப் பாருங்கள். நம்பர் ஒரு எழுத்து மாறியிருக்கலாம், வேறு வண்டியாக இருக்கலாம். அந்தத் தளத்திலேயே புகார் கொடுக்கும் வசதி உண்டு, அல்லது செலான் போட்ட டிராஃபிக் ஸ்டேஷனுக்கு ஆர்.சி. நகலோடு நேரில் போகலாம். கட்டாமல் விட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். அங்கேயும் ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் கூடாது.

வாட்ஸ்அப்பில் செலான் என்று ஒரு ஃபைல் வந்தது...

திறக்காதீர்கள். ஏ.பி.கே. என்று முடியும் ஃபைல் போனில் ஏறினால் வங்கிக் கணக்கு காலியாகும். அரசுத் தளத்தின் முகவரி ஜி.ஓ.வி.டாட்.இன் என்று முடியும், அதை நீங்களே டைப் செய்து போங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்யுங்கள்.

லைசென்ஸ் இல்லாத பிள்ளை விபத்து செய்தால் இன்சூரன்ஸ் கொடுக்காதா?

உங்கள் வண்டிச் சேதத்துக்குக் கொடுக்காது. அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் உத்தரவிடுவது வழக்கம். 2004-ல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. சம்பாதிக்கிற வயசில் ஒருவர் இறந்தாலோ ஊனமானாலோ இழப்பீடு பல லட்சம் போகும். வீட்டை விற்கிற நிலை வரலாம்.

லைசென்ஸ் உள்ள என் மகள் யார் மீதாவது மோதிவிட்டால் முதலில் என்ன செய்ய வேண்டும்?

ஓடக்கூடாது. இதை லைசென்ஸ் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், ஒரு தடவை இல்லை, பல தடவை. பயத்தில் பிள்ளைகள் செய்கிற முதல் காரியம் அங்கிருந்து போய்விடுவதுதான். அதற்குப் பிறகு எதையும் சரிசெய்ய முடியாது.

வண்டியை நிறுத்தி 108-க்கு போன் செய்யட்டும். அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்க வழி செய்வது ஓட்டியவரின் சட்டப்படியான கடமை. கூட்டம் கைநீட்டுகிற நிலை இருந்தால் அருகில் உள்ள காவல் நிலையத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லட்டும். எப்படியானாலும் 24 மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். வண்டி நின்ற இடம், நம்பர் பிளேட்டுகள், ரோடு எல்லாவற்றையும் படம் எடுத்து வைக்கட்டும். "நான் ஓட்டினேன் என்று சொல்லிவிடுகிறேன்" என்று அப்பாவோ மாமாவோ முன்வருவது பாசத்தால்தான். ஆனால் அது பொய்ச் சாட்சியம், கேமரா உள்ள ஊரில் இரண்டே நாளில் வெளிவந்துவிடும். அப்போது ஒருவர் மீது இருக்க வேண்டிய வழக்கு இருவர் மீதும் இருக்கும்.

அலட்சியத்தால் உயிர் போனால் 2024 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் இரண்டு ஆண்டாக இருந்தது. அப்படி ஒன்று நேர்ந்தால் தெரிந்தவர், அறிந்தவர் என்று ஸ்டேஷனுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஒரு வக்கீலைப் பாருங்கள். வசதி இல்லாதவர்களுக்கு மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் அங்கே வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு.